ஏழாவது இடம்

குருவுக்கு வயசு முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்திரண்டு, பாதித் தலை வழுக்கை. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மல்லாக்கப் படுத்து வாயைப் பிளந்துட்டு இருந்தேன். குரு சீடன் கதைன்னா மரத்தடியில நடக்கும்னு நினைச்சிருப்பீங்க. இது என் வாய்க்குள்ள நடந்துச்சு.

சீடரை முதல்ல சொல்லிடறேன். டாக்டர் சம்பந்தமூர்த்தி. கோபிசெட்டிபாளையத்துல பல் ஆஸ்பத்திரி வெச்சிருக்கார். ஊர்ல பாதிப் பேரோட பல்லு அவர் கை பட்டதுதான். நல்ல மனுசன். கோபமே வராது. அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

நான் நாச்சம்மாள். அதே ஊர்ல டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். கிளட்சை எப்ப விடணும், பிரேக்கை எப்ப மிதிக்கணும்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கத்தறதுதான் என் பொழப்பு.

பல்லு எதுன்னா, இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லு. வலது பக்கம் எனக்குக் கடைவாய்ப் பல்லே கிடையாது. அந்தக் காலத்துல வலிச்சா புடுங்கறதுதான் வைத்தியம், ஒவ்வொண்ணா போயிருச்சு. அதனால நான் முறுக்கு கடிக்கறது, கறி மெல்லறது, கரும்பு உரிக்கறது எல்லாம் இடது பக்கம்தான். அந்தப் பக்கத்துலயும் பாரம் தாங்கறது இந்த ஒரு பல்லு. இதுவும் போச்சுன்னா மிச்ச வாழ்க்கை ரசஞ்சோறுதான்.

அந்தப் பல்லுக்கு சம்பந்தமூர்த்தி வேர் சிகிச்சை பண்ணினார். உள்ள இருந்த நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் பண்ணி, நல்லா அழுத்தி அடைச்சு, மேல கேப் போட்டு விட்டார். ரெண்டு வருசம் ஜம்முனு இருந்துச்சு. அப்புறம் போன வருசம் தைப்பொங்கல் முடிஞ்ச கையோட ஈறுல ஒரு கொப்புளம் வந்துச்சு. அமுக்கினா சீழ்.

"தன்னால போயிருங்க்கா" அப்படின்னார்.

போச்சு. திரும்ப வந்துச்சு. மாத்திரை குடுத்தார். போச்சு. வந்துச்சு. கேப்பைக் கழட்டி வேரை மறுபடியும் சுத்தம் பண்ணி மறுபடியும் அடைச்சார். சித்த நாள் சும்மா இருந்துட்டு அது திரும்பவும் வந்துச்சு. வாய் கொப்பளிக்க ஒரு ரோஸ் கலர் தண்ணி குடுத்தார். அந்தத் தண்ணிக்கு அது பயப்படவே இல்லை.

"ராத்திரி தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கறீங்களாக்கா?"

"பகல்லயே கடிக்கறேனுங்க. என் தொழில் அப்படி."

அப்புறம் ஸ்கேன் எடுத்தார். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க்கா."

"நல்லா இருந்தா ஏனுங்க சீழ் வருது?"

"அதுதான் ரோசனையா இருக்குது."

ரோசனை. ஒரு வருசமா ரோசனை! கடைசியில ஒரு நாள் எனக்குப் பொறுக்கலை. "ஏனுங் டாக்டர், காப்பாத்தறதுன்னா காப்பாத்துங்க, புடுங்கறதுன்னா புடுங்குங்க. கியரும் போடாம ஆஃபும் பண்ணாம உறுமிட்டே நின்னா பெட்ரோல்தானுங்க தீரும்"னு சத்தம் போட்டுட்டேன். வெளிய உட்கார்ந்திருந்தவங்க எட்டிப் பார்த்தாங்க.

அவருக்கு அப்பவும் கோபம் வரலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னார்.

"கோயமுத்தூர்ல ஷமீமா மேடம்னு இருக்காங்கக்கா. வேர் சிகிச்சை பண்ணியும் அடங்காத பல்லு எல்லாம் அவங்ககிட்டதான் போகும். நான் வியாழக்கிழமை வியாழக்கிழமை அவங்ககிட்ட படிக்கப் போறேன். வாங்க, காட்டிரலாம்."

"இந்த வயசுலயா படிக்கறீங்க?"

"தெரியலைன்னா படிச்சுத்தானுங்க ஆகணும்."

அந்தப் பதில்ல எனக்குக் கொஞ்சம் மனசு இளகிருச்சு. சரி போலாம்னுட்டேன்.

அவர் கார். அவரே ஓட்டினார். எங்க ஸ்கூல் வண்டியில நான் உட்கார்ற பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அவர் வண்டியில அது இல்லை. குன்னத்தூர் தாண்டறதுக்குள்ள வெறுந்தரையை மிதிச்சு மிதிச்சு எனக்கு முழங்கால் நோவு கண்டுபோச்சு. அவிநாசி கிட்ட முன்னால போன லாரியை முந்தறதுக்கு வலது பக்கம் ஒடிச்சார். பின்னால வந்த ஸ்கூட்டர்காரன் அலறிக்கிட்டு மண்ணுல இறங்கினான்.

"கண்ணாடியைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க்கா. மூணு கண்ணாடியும் பார்த்தேன். யாருமே இல்லை."

"தலையைத் திருப்பிப் பார்த்தீங்களா?"

"கண்ணாடி இருக்கறப்போ எதுக்குங்க?"

"அப்ப அந்த ஸ்கூட்டர்காரன் எங்கிருந்துங்க வந்தான்? வானத்துல இருந்து குதிச்சானா?"

அவர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, சாவியை வாங்கி, கோயமுத்தூர் வரைக்கும் நானே ஓட்டினேன். அவர் பக்கத்துல உட்கார்ந்து ஸ்கேன் படத்தை மடியில வெச்சுக் கும்பிடாத குறையா பிடிச்சுட்டு வந்தார்.

ஷமீமா டாக்டர் சின்ன உருவம். தலையில முக்காடு, கண்ணுல பூதக்கண்ணாடி வெச்ச மூக்குக்கண்ணாடி. மேசையில ஒரு டீ டம்ளர், மேல ஆடை கட்டிக் கிடந்துச்சு. எங்களைப் பார்த்ததும் எந்திரிச்சாங்க.

"வாங்க சார்."

"வணக்கம் மேடம்."

குரு சீடரை சார்ங்கறாங்க, சீடர் குருவை மேடம்ங்கறார். ரெண்டு பேரும் மரியாதை குடுத்து முடிக்கட்டும்னு நான் போய் நாற்காலியில சாஞ்சுக்கிட்டேன்.

சம்பந்தமூர்த்தி உட்காரக்கூட இல்லை. வழியெல்லாம் மனசுல ஓட்டிட்டு வந்ததைக் கேட்டுட்டார்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. வேர் சிகிச்சை பண்ணின பல்லு. வேர்ல விரிசல் விட்டிருக்குதா இல்லையான்னு எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது? எந்த மெஷின் வாங்கணும், சொல்லுங்க. இன்னும் பெரிய ஸ்கேனா? மைக்ராஸ்கோப்பா? எதுவா இருந்தாலும் வாங்கிடறேன்."

நான் தலையைத் தூக்கிட்டேன். விரிசலா? ஒரு வருசத்துல அந்த வார்த்தை என் காதுல விழுந்ததே இல்லை. மாத்திரைன்னார், தண்ணி மருந்துன்னார், பல்லைக் கடிக்கறீங்களான்னார். விரிசல்னு ஒரு தடவை சொல்லலையே பாவி மனுசன்!

"விரிசல்னா என்னங்க?" அப்படின்னேன்.

ஷமீமா டாக்டர் என் பக்கம் திரும்பினாங்க. "வேர் மேல இருந்து கீழ நெட்டுக்குப் பிளந்திருக்கறதும்மா. அப்படி இருந்தா ஒட்ட வைக்க முடியாது. எத்தனை தடவை சுத்தம் பண்ணினாலும் அந்தப் பிளவுக்குள்ள கிருமி போய் உட்கார்ந்துக்கும்."

"அப்புறம்?"

"பல்லை எடுக்கணும். எடுக்காம விட்டா சுத்தி இருக்கற எலும்பைத் தின்னுட்டே போகும்."

நான் சம்பந்தமூர்த்தியைப் பார்த்தேன். அவர் ஸ்கேன் படத்தைக் கவர்ல இருந்து உருவிட்டு இருந்தார்.

"இதுல விரிசலே இல்லை மேடம். பாருங்க."

அவங்க அதை வாங்கி, பார்க்காமலே மேசையில வெச்சாங்க.

"சார், வேருக்குள்ள நீங்க அடைச்சது இதுல வெள்ளை வெள்ளையா இழுத்துட்டு இருக்கும். அந்த வெளிச்சத்துல இருக்கற விரிசலும் மறையும், இல்லாத விரிசலும் தெரியும்."

"அப்ப எதை நம்பறது?"

அவங்க அவரை விட்டுட்டு என்னைக் கேட்டாங்க.

"அம்மா, கொப்புளம் எங்கே வரும்? ஈறுல நல்லா கீழேயா, இல்லை பல்லை ஒட்டியா?"

"பல்லை ஒட்டித்தான் கண்ணு. கேப்புக்குக் கீழயே."

"வெளிப்பக்கம் மட்டுமா?"

"உள்பக்கமும் வரும். நாக்குப் பக்கம். ரெண்டு மூணு தடவை வந்திருக்குது."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அது வேறைங்க்கா, நாக்கைக் கடிச்சிருப்பீங்கன்னார்."

சம்பந்தமூர்த்தி கையுறையை மாட்டறதுல ரொம்ப மும்முரமா இருந்தார். ஷமீமா டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டாங்க. டீயை எடுத்தாங்க, ஆடையைப் பார்த்தாங்க, திரும்ப வெச்சாங்க.

"புரோப் எடுங்க சார்."

புரோப்ங்கறது மெல்லிசா ஒரு கம்பி. மேல மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விட்டு எவ்வளவு ஆழம் போகுதுன்னு பார்ப்பாங்க. எனக்கு இது பழகினதுதான். சம்பந்தமூர்த்தி வெளிப்பக்கம் மூணு இடத்துல வெச்சார். இந்த ஓரம், நடு, அந்த ஓரம்.

"மூணு, ரெண்டு, மூணு."

உள்பக்கம் மூணு இடம்.

"மூணு, ரெண்டு, மூணு. ஆறு இடமும் நார்மல் மேடம்."

"மறுபடி வைங்க."

மறுபடி வெச்சார். மூணு, ரெண்டு, மூணு. மூணு, ரெண்டு, மூணு.

"நார்மல்தான் மேடம்."

"மறுபடி."

எனக்குத் தாடை கடுத்துப் போச்சு. எச்சில் தொண்டைக்கு இறங்குது. இவங்க ரெண்டு பேருக்கும் என் வாய் என்ன வாய்ப்பாடு ஒப்பிக்கற பள்ளிக்கூடமா? ஒரு கடி கடிச்சு வெச்சிரலாமான்னு இருந்துச்சு. அவர் விரல் என்ன தப்பு பண்ணுச்சு, கடிச்சா என் பல்லுதான் நோகும்னு விட்டுட்டேன்.

மூணாவது தடவையும் அதேதான். மூணு, ரெண்டு, மூணு. சம்பந்தமூர்த்திக்கே குரல் மாறிருச்சு. அந்த மனுசனுக்கு எரிச்சல் வந்து அன்னிக்குத்தான் பார்த்தேன்.

"மேடம், ஆறு இடமும் மூணு தடவை பார்த்தாச்சு. இன்னும் எத்தனை தடவை பார்த்தாலும் அதேதான் வரும்."

"ஆமா சார். அதேதான் வரும்."

"அப்புறம்?"

"கம்பியை எடுத்து எடுத்து வைக்காதீங்க. உள்ள விட்டதை வெளிய எடுக்காம, பல்லை ஒட்டியே நடத்திக் கூட்டிட்டு வாங்க. மெதுவா. கடுகளவுக்கு மேல அடி எடுத்து வைக்க வேண்டாம்."

"நான் எப்பவும் ஆறு இடம்..."

"நடத்துங்க சார்."

அவர் கம்பியை வெளிப்பக்கம் முன் ஓரத்துல விட்டார். அங்கேயே வெச்சு இம்மியா இம்மியா நகர்த்தினார். எனக்குள்ள அது பொடிநடையா வர்றது தெரிஞ்சுது. ஓரத்தைத் தாண்டுச்சு. இன்னும் நடுவுக்கு வரலை. அங்க திடுதிப்புனு விழுந்துச்சு.

விழுந்துச்சுன்னுதான் சொல்லணும். வலியே இல்லை. ஆனா போயிட்டே இருந்துச்சு. அது போகக்கூடாத ஆழம்னு எனக்கே தெரிஞ்சுது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

சம்பந்தமூர்த்தி கை அப்படியே நின்னுபோச்சு.

"எவ்வளவு சார்?"

"பத்து."

"அங்க இருந்து ஒரு கடுகளவு தள்ளி வைங்க."

"மூணு."

"எங்கே விழுந்துச்சு?"

"ஓரத்துக்கும் நடுவுக்கும்... இடையில."

"உள்பக்கம்."

உள்பக்கமும் நடத்தினார். நேர் எதிர்ல, அதே இடத்துல, அதே மாதிரி விழுந்துச்சு. இந்தத் தடவை அவர் எண்ணிக்கை சொல்லலை. அவங்களும் கேக்கலை.

கம்பியை வெளிய எடுத்து அதுல இருந்த கோட்டை ஒவ்வொண்ணா எண்ணினார்.

"காலேஜ்ல ஆறு இடம்னுதான் மேடம் சொல்லிக் குடுத்தாங்க."

"எனக்கும் அதேதான் சார் சொல்லிக் குடுத்தாங்க."

நான் வாயை மூடிட்டு எந்திரிச்சு உட்கார்ந்தேன். எனக்கு மூணு கண்ணாடிக்கும் சிக்காத அந்த ஸ்கூட்டர்காரன் ஞாபகம் வந்துச்சு. கேக்கலாம்னு வாயைத் திறந்தேன். அவர் மூஞ்சியைப் பார்த்துட்டு மூடிக்கிட்டேன். பாவமா இருந்துச்சு, அதே சமயம் நாலு சாத்து சாத்தணும்னும் இருந்துச்சு.

அவர் விடலை. "ஈறு நோயா இருக்கலாமே மேடம்?"

"ஈறு நோய்ன்னா அகலமா இருக்கும். சுத்தி மத்த பல்லுலயும் இருக்கும். இது ஒரு பல்லுல, கம்பி நுழையற அளவுக்கு ஒரு சந்து. உள்ளயும் வெளியயும் நேருக்கு நேர்."

"அடைச்சது பத்தாம சீழ் கோத்திருந்தா?"

"அப்படின்னா கொப்புளம் வேர் நுனிக்கு நேரா, கீழ வந்திருக்கும். அம்மாவுக்கு மேல வந்திருக்குது."

"இருந்தாலும் நூத்துக்கு நூறு சொல்ல முடியாதுங்களே."

"முடியாது."

"அப்ப ஒரு மாசம் மருந்து குடுத்துப் பார்க்கலாமா?"

எனக்கு வந்துச்சே கோபம்! "இன்னொரு மாசமா? ஏனுங் டாக்டர், என் வாய் என்ன உங்க வீட்டுப் புழக்கடையா, நட்டு வெச்சு முளைக்குதான்னு பார்க்கறதுக்கு? இந்தப் பல்லு இருக்குதா போகுதா? அதைச் சொல்லுங்க எனக்கு!"

அப்புறம் ஷமீமா டாக்டர் ஸ்டூலை இழுத்து என் முன்னாடி உட்கார்ந்தாங்க.

"அம்மா, எனக்குத் தெரிஞ்சு இது விரிசல். ஆனா கண்ணால பார்க்காம எடுக்க வேண்டாம். மரத்துப்போற ஊசி போட்டு ஈறை லேசா விலக்கிப் பார்க்கலாம். விரிசல் இருந்தா இன்னிக்கே எடுத்துடலாம். இல்லைன்னா தையல் போட்டு அனுப்பிடறேன், நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன். சம்மதமா?"

ஒரு வருசத்துல எனக்குப் புரியற மாதிரி பேசின முதல் ஆள். பல்லைப் புடுங்கறேன்னு சொல்றவங்க மேல எனக்குப் பிரியம் வரும்னு நான் நினைச்சே பார்க்கலை.

"பாருங்க கண்ணு" அப்படின்னேன். முறுக்கு, கறி, கரும்பு எல்லாம் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு.

"சார், நீங்க பண்ணுங்க."

"நானா? நீங்க பண்ணுங்க மேடம். நான் பார்க்கறேன்."

"பார்த்தது போதும் சார்."

ஊசி போட்டது, ஈறை விலக்கினது எல்லாம் சம்பந்தமூர்த்திதான். அவர் கை நல்ல கை, நோகவே இல்லை. ஷமீமா டாக்டர் எச்சில் உறிஞ்சற குழாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. குரு குழாய் பிடிக்க, சீடர் கத்தி பிடிக்கறார். தலைக்கு மேல மைக்ராஸ்கோப். அதுல தெரியறது எதிர்ச் சுவத்துல டிவியில தெரிஞ்சுது. பார்க்க வேண்டாம்மான்னாங்க. என் பல்லு, நான் பார்க்காம யார் பார்க்கறது?

வேர் மேல மூடியிருக்க வேண்டிய எலும்பு ஒரு பக்கம் இல்லவே இல்லை. எனக்கு எலும்பு வைத்தியம் தெரியாது. ஆனா காலியா இருந்தா காலின்னு தெரியாதா?

"எலும்பு போயிருக்குதே" சம்பந்தமூர்த்தி தனக்குத்தானே சொல்லிக்கிட்டார்.

"நீல மருந்து வைங்க."

ஒரு துளி நீல மையை வேர் மேல தொட்டு வெச்சார். வேரே நீலமாச்சு. தண்ணி விட்டுத் துடைச்சார். எல்லா நீலமும் போச்சு. ஒரு கோடு மட்டும் போகலை. தலைமுடி கனம்தான் இருக்கும். நேரா, மேல இருந்து கீழ.

மறுபடி துடைச்சார்.

"துடைச்சா போகாது சார்."

"முன் வேர்லதான் மேடம் இருக்குது. முன் வேரை மட்டும் வெட்டி எடுத்துட்டு பின் வேரை வெச்சுக்கலாமா?"

"பின் வேரைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். ஆடுச்சு.

"அதையும் தாங்கறதுக்கு எலும்பு இல்லை. முன்னாடியே பார்த்திருந்தா பாதிப் பல்லு மிஞ்சியிருக்கும்."

முன்னாடியேன்னா எப்பன்னு நான் கேட்டிருப்பேன். வாய்ல குழாய், கத்தி, பஞ்சு, ரெண்டு பேரோட விரல்.

சம்பந்தமூர்த்தி பல்லை எடுத்தார். எடுக்கறதுக்கு நேரமே ஆகலை. பிடுங்கின மாதிரியே இல்லை, பழுத்தது கையோட வந்த மாதிரி வந்துச்சு. துணி மேல வெச்சார். முன் வேர் ரெண்டா விரிஞ்சுது. பிளந்து வெச்ச வேப்பங்கொட்டை மாதிரி கிடந்துச்சு. ரெண்டு பாதிக்கும் நடுவுல அவர் அழுத்தி அடைச்சிருந்த அடைப்பு அப்படியே முழுசா இருந்துச்சு.

தையல் போட்டு, பஞ்சை மடிச்சு வெச்சு, "இறுக்கக் கடிச்சுக்கங்கக்கா, பேசாதீங்க" அப்படின்னார். ஒரு வருசமா சேர்த்து வெச்ச திட்டு அத்தனையும் இருக்குது, வாய்ல பஞ்சு! இதைவிடக் கொடுமை உண்டா?

கையை மட்டும் காட்டினேன். இந்த ஓட்டையில திருகுப் பல்லு போடுவாங்களாமே, அதை வெச்சிரலாமான்னு சைகை பண்ணினேன். ஷமீமா டாக்டருக்குப் புரிஞ்சுது.

"இப்ப முடியாதும்மா. திருகு நிக்கறதுக்கு எலும்பு வேணும். முதல்ல இந்தப் பள்ளத்துல எலும்பு வளரணும். வளரும்னு உறுதியாச் சொல்ல மாட்டேன். வளரலைன்னா எலும்பு வெச்சுக் கட்டணும். அதுக்கப்புறம்தான் பல்லு."

"ம்ம்?"னு கேட்டேன். எப்போன்னு அர்த்தம்.

"அடுத்த பொங்கல் வரைக்கும் மெத்துனு சாப்பிடுங்க. கரும்பு வேண்டாம்."

போன பொங்கலும் இந்தப் பல்லால கரும்பு கடிக்கலை, அடுத்த பொங்கலும் இல்லை. கண்ணுல தண்ணி வந்துருச்சு. வலியில இல்லை, வயித்தெரிச்சல்ல. அவங்க அதைப் பார்த்துட்டு ஒரு துணியை எடுத்து என் கண்ணைத் துடைச்சு விட்டாங்க. சம்பந்தமூர்த்தி கையுறையைக் கழட்டாமலே நின்னுட்டு இருந்தார். என்னைப் பார்க்கலை. துணி மேல கிடந்த பல்லையே பார்த்துட்டு இருந்தார்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"இது என் கையால வந்ததா?"

ஷமீமா டாக்டர் எச்சில் குழாயைக் கொக்கியில மாட்டினாங்க.

"வேரை அடைக்கறப்போ நான் அழுத்தினேன். நல்லா இறுகணும்னு கொஞ்சம் பலமாவே அழுத்தினேன். அன்னிக்கே கீறல் விட்டிருக்குமா? இல்லை, அக்கா பல்லைக் கடிச்சுக் கடிச்சு வந்ததா? எது மேடம்?"

அவங்க அந்தப் பல்லைக் கையில எடுத்தாங்க. வெளிச்சத்துல பிடிச்சு, புரட்டிப் புரட்டிப் பார்த்தாங்க.

"தெரியாது சார்."

"மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தா?"

"தெரியாது."

"காலேஜுக்கு எடுத்துட்டுப் போய் யார்கிட்டயாவது காட்டினா?"

"யார் பார்த்தாலும் தெரியாது சார். எப்பவுமே தெரியப் போறதில்லை."

அவர் ஒரு மூச்சு விட்டார். தோள் ரெண்டும் இறங்குச்சு. நிம்மதிங்க, நிம்மதி! எனக்கு உச்சந்தலை வரைக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு. பஞ்சைத் துப்பிட்டு எந்திரிக்கப் போனேன். ஷமீமா டாக்டர் என் தோள்ல கை வெச்சு அமர்த்தினாங்க. அவங்களும் அந்த மூச்சைக் கேட்டிருக்காங்க.

பல்லோட ரெண்டு பாதியையும் ஒண்ணாச் சேர்த்து, அவர் உள்ளங்கையில வெச்சு, அவர் விரலை மடக்கி மூடினாங்க.

"அது தெரிஞ்சு போயிருமோன்னுதானே சார், ஒரு வருசமா ஏழாவது இடத்துல கம்பியை வைக்காம இருந்தீங்க?"